பாட்டிலில் ஆண்டு இருக்கிறது, ஆளைக் காணோம்

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி, நகரத்தின் பெரிய மால் ஒன்றில் வெளிநாட்டு சென்ட் விற்கும் கவுன்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பயிற்சி நாட்களில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கதையை மனப்பாடம் செய்யச் சொன்னார்களாம்: இந்த நிறுவனம் இந்த ஆண்டில் தொடங்கியது, இந்த வாசனை இந்த மன்னருக்காகக் கலக்கப்பட்டது, இந்தச் சூத்திரம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ரகசியமாகக் கைமாறி வந்தது. ஒரு வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டபோது தம்பிக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கதைகளில் எவ்வளவு உண்மை, செய்தவரின் பெயர் ஏன் வெளியே வருவதில்லை என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் பிரான்ஸ் நாட்டுப் பாரிஸைப் பார்த்தவன் அல்லன். பேருந்து நடத்துநர்கள் "பாரிஸ், பாரிஸ்" என்று கூவி ஆள் ஏற்றும் பாரிமுனைதான் எனக்குத் தெரிந்த பாரிஸ். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், நைனியப்ப நாயக்கன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊதுபத்திக்கும் சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும் காம்பவுண்ட், அதாவது வாசனை எண்ணெய்க் கலவை, கலந்து கொடுப்பது என் தொழில். விலை உயர்ந்த சென்ட்டும் எங்கள் சந்தில் கலக்கப்படும் காம்பவுண்டும் அடிப்படையில் ஒரே வேலைதான். சரக்கின் தரமும் பாட்டிலின் அழகும் வாடகையும்தான் வேறு. ஆகவே தொழில்காரனின் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் எனக்கு அவை ஒரே கேள்வியாகவே படுகின்றன. தலைமுறை தலைமுறையாக வந்த குடும்ப ரகசியம் என்ற கதை நிற்க வேண்டுமானால், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடக்காரர் அந்தக் கதைக்குள் தலைகாட்டக் கூடாது. அவர் பெயரை எடுத்த இடத்தில்தான் தாத்தாவை உட்கார வைக்க முடியும்.

முதலில் யார் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். நீங்கள் விற்கும் பெரும்பாலான பாட்டில்களில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் அந்த வாசனையைச் செய்வதில்லை. சுவிட்சர்லாந்தின் ஜிவோதான், ஃபிர்மனிஷ் (2023 முதல் இது டி.எஸ்.எம்.-ஃபிர்மனிஷ்), அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப்., ஜெர்மனியின் சிம்ரைஸ் ஆகிய நான்கு நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில்தான் உலகச் சந்தையின் பெரும் பகுதி வாசனைகள் பிறக்கின்றன. துணி அல்லது நகை நிறுவனம் தனக்கு எப்படிப்பட்ட வாசனை வேண்டும், யாருக்கு விற்கப் போகிறோம், கிலோவுக்கு எவ்வளவு கொடுப்போம் என்று ஒரு குறிப்பு அனுப்பும். இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்கள் போட்டியிடும். வாசனைக் கலைஞர் சூத்திரம் எழுதுவார், உதவியாளர் தராசில் எடை போடுவார், காகிதப் பட்டையில் தோய்த்து முகர்வார்கள், திருத்துவார்கள், மறுபடி எடை போடுவார்கள். ஒரே வாசனைக்கு நூற்றுக்கணக்கான திருத்தங்கள் போவது சாதாரணம். கடைசியில் ஒருவர் தேர்வாவார், மற்றவர்களின் மாதக்கணக்கான உழைப்பு அலமாரிக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது பணம் எப்படிக் கைமாறுகிறது என்பது. படைத்ததற்கென்று தனிக் கூலி பொதுவாகக் கிடையாது. வென்ற ஆய்வுக்கூடம் அந்த எண்ணெய்க் கலவையை டிரம் டிரம்மாக விற்கும் உரிமையைப் பெறுகிறது, படைப்பின் விலை கிலோ விலைக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் சந்திலும் இதே ஏற்பாடுதான். "எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்" என்று எவரும் கேட்பதில்லை, "கிலோ என்ன விலை" என்றுதான் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டில் வாசனைக் கலைஞர், சரக்கு சப்ளை செய்யும் நிறுவனத்தின் ஊழியர். கல்யாணப் பத்திரிகையில் பந்தல்காரர் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை அல்லவா, அந்த மனப்பான்மைதான்.

அப்படி வெளியே தெரியாத சில பெயர்களைச் சொல்கிறேன். ஷனேல் நம்பர் 5 வாசனையை 1921-இல் உருவாக்கியவர் எர்னஸ்ட் போ. மாஸ்கோவில் பிறந்து, அங்கிருந்த ராலே நிறுவனத்தில் தொழில் பழகியவர். எஸ்தே லாடரின் யூத் டியூ 1953-இல் வந்தது. அதைக் கலந்தவர் ஜோசஃபின் கட்டபானோ. ரோபேர் பிகே நிறுவனத்தின் ஃப்ரகா என்ற புகழ்பெற்ற சம்பங்கி வாசனையை 1948-இல் செய்தவர் ஜெர்மேன் செலியே. மூன்று பாட்டில்களிலும் இருப்பது வேறு பெயர்கள்தாம்: இரண்டில் ஆடை வடிவமைப்பாளர் பெயர், ஒன்றில் கம்பெனி உரிமையாளர் பெயர். செலியேயின் சம்பங்கியை நான் ஒருமுறை முகர்ந்திருக்கிறேன். பூக்கடைப் பத்ரியன் தெருவில் விடியற்காலையில் மூட்டை பிரிக்கும்போது வருகிற வாசனையை எவரோ வெண்ணெயில் போட்டு வாட்டியதுபோல இருந்தது. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

இனி கதைகளுக்கு வருகிறேன். உங்கள் கவுன்டரில் கிரீட் என்ற நிறுவனத்தின் சென்ட் இருக்கும். 1760 என்று அதில் போட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். 1760-ஆம் ஆண்டு என்பது லண்டனில் தொடங்கிய ஒரு தையற்கடையின் ஆண்டாகச் சொல்லப்படுவது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸுக்கு இடம்பெயர்ந்து பெரிய இடத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடை தைத்த குடும்பம் அது. அந்தத் தையல் வரலாறு உண்மையானது. இன்று நாம் அறிந்த வாசனைத் தொழிலோ ஒலிவியே கிரீட் காலத்தில், ஏறத்தாழ 1970-களில் உருவெடுத்தது. அரசர்களுக்கு வாசனை கலந்து கொடுத்தோம் என்ற கதை நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. பாட்டிலில் உள்ள ஆண்டு பொய்யன்று, அது கத்தரிக்கோலின் ஆண்டு. வாங்குகிறவர் அதைக் குடுவையின் ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்.

அந்த நிறுவனத்தின் வாசனைகள் நெடுங்காலம் கிரீட் குடும்பத்தின் கைவண்ணமாகவே முன்வைக்கப்பட்டன. ஆனால் 1985-இல் வந்த கிரீன் ஐரிஷ் ட்வீடுக்குப் பின்னால் இருந்தவர் பியர் பூர்தோன் என்று தொழிலுக்குள் பரவலாகப் பேசப்படுகிறது, எழுதப்பட்டும் இருக்கிறது. 1988-இல் டேவிடோஃபுக்காகக் கூல் வாட்டர் செய்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டையும் அடுத்தடுத்த காகிதப் பட்டையில் தோய்த்து முகர்ந்து பாருங்கள். உடன்பிறந்தவை என்று மூக்கே சொல்லிவிடும். இரண்டிலும் தூக்கலாக நிற்பது டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைச் சரக்கு: எலுமிச்சையும் லாவண்டரும் கலந்து, துவைத்துக் காயப்போட்ட துணிபோல மணக்கும். எங்கள் தெருவில் சோப்புக்காரர்கள் அதை டின் கணக்கில் வாங்குகிறார்கள். ஆக, மன்னர்களின் பெயரைச் சொல்லி விற்கும் வாசனைக்கும் வண்ணாரப்பேட்டையில் விற்கும் சோப்புத் தூளுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இதைக் கவுன்டரில் சொல்லிவிடாதீர்கள், வேலை போய்விடும்.

2023-இல் பிரான்சின் ஆடம்பரப் பொருள் குழுமமான கேரிங் கிரீட் நிறுவனத்தை 350 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவ்வளவு தொகை டின்னில் உள்ள சரக்குக்குக் கொடுக்கப்பட்டது என்று எண்ணுவதற்கில்லை. சரக்கை எவரும் வாங்கலாம்; 1760 என்ற எண்ணை இன்னொருவர் வாங்க முடியாது.

இப்படி ஆண்டையும் பெயரையும் விலைக்கு வாங்கும் வழக்கம் இன்று வந்ததன்று. நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போடுவார்களே, ஓடிகொலோன், அதன் கதையே இதற்குச் சரியான சாட்சி. என் பாட்டி அதை யூடிகோலன் என்பார். இராயபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் அப்படித்தான் சொன்னது. ஜெர்மனியின் கொலோன் நகரில், ஃபரினா என்ற இத்தாலியக் குடும்பம் 1709-இல் தொடங்கிய கடையிலிருந்து வந்தது அந்த வாசனை. செய்தவர் ஜொஹான் மரியா ஃபரினா. தாம் செய்த நீருக்குத் தாம் குடியேறிய ஊரின் பெயரை வைத்தார். வணிகக் குறிச் சட்டம் என்று எதுவும் இல்லாத காலம் அது. புகழ் பரவியதும் ஆளாளுக்கு ஃபரினா ஆனார்கள்.

அவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் முல்ஹென்ஸ். 1803-இல் அவர் கார்லோ ஃபிரான்செஸ்கோ ஃபரினா என்ற ஒருவரிடமிருந்து அந்தக் குடும்பப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கினார். அந்தக் கார்லோவுக்கும் வாசனைக் குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது. பெயர் மட்டும் பொருந்தியது. வாங்கிய பெயரை முல்ஹென்ஸ் தாம் பயன்படுத்தியதோடு நில்லாமல் பிறருக்கும் விற்றார். வழக்குகள் பல்லாண்டுகள் நடந்தன. முடிவில் 1881-இல் முல்ஹென்ஸ் குடும்பம் அந்தப் பெயரைக் கைவிட்டு, தங்கள் வீட்டுக் கதவு எண்ணையே பெயராக வைத்தது. அதுதான் பர்மா பஜாரில் நீலத் தாளும் பொன்னிற வரியுமாக நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 4711.

இதோடு விட்டிருந்தால் நேர்மையான பெயர் என்று நானே பாராட்டியிருப்பேன். ஆனால் எண்ணுக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் குதிரையில் அமர்ந்தபடியே சுவரில் அந்த எண்ணை எழுதினான் என்று படம் போட்டார்கள். அதற்கும் முன்னால், 1792-இல் முல்ஹென்ஸின் திருமணத்துக்கு வந்த ஒரு துறவி, ரகசியச் சூத்திரம் எழுதிய தாளைப் பரிசாகக் கொடுத்தார் என்ற கதையும் சேர்ந்தது. விலைக்கு வாங்கிய பெயர் நீதிமன்றத்தில் பறிபோனபோதும் துறவி பறிபோகவில்லை. துறவி மீது வழக்குப் போட எவருக்கும் உரிமை இல்லை.

எல்லாக் கதைகளையும் ஒரே தட்டில் வைத்து எடை போடவும் கூடாது. கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார் 1925-இல் வந்தது. லாகூர் ஷாலிமார் தோட்டமும் ஷாஜகான், மும்தாஜ் காதலும் அதற்குச் சொல்லப்படும் பின்னணி. லாகூர் தோட்டத்தின் வேலை தொடங்கியது 1641-இல்; மும்தாஜ் இறந்தது 1631-இல். காஷ்மீரில் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் என்றால் காலம் பொருந்தும், அப்போது கதையின் நாயகர் வேறு ஆளாகிவிடுவார். ஆனாலும் இந்தக் கதை என்னை உறுத்தவில்லை. ஷாலிமாரைச் செய்தவர் ஜாக் கெர்லான் என்பது அன்றும் இன்றும் எல்லோருக்கும் தெரியும். 1828 முதல் அந்தக் குடும்பம் உண்மையிலேயே வாசனைத் தொழிலில் இருந்தது. அங்கே கதை என்பது பூமாலை. எவரையும் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு அந்த மாலையைப் போடவில்லை.

சட்டம் ஏன் வாசனைக் கலைஞருக்குத் துணை வரவில்லை என்றும் நீங்கள் கேட்கலாம். சூத்திரத்தைக் காப்புரிமைக்குக் கொடுத்தால் அதை வெளியிட வேண்டும், இருபது ஆண்டுகளில் அது பொதுச் சொத்தாகிவிடும். ஆகவே எவரும் கொடுப்பதில்லை, ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். எழுத்துக்கும் இசைக்கும் உள்ளதுபோன்ற பதிப்புரிமை வாசனைக்கு உண்டா என்ற கேள்வி 2006 ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு உச்ச நீதிமன்றங்களில் முடிவானது. ஜூன் 13-ஆம் தேதி பிரான்சில், ஒரு பெண் வாசனைக் கலைஞர் தாம் உருவாக்கிய வாசனைக்காகத் தம் பழைய நிறுவனத்திடம் பங்கு கேட்ட வழக்கில், வாசனை என்பது கைத்திறனைச் செயல்படுத்துவது மட்டுமே, படைப்பு வடிவம் ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். ஜூன் 16-ஆம் தேதி நெதர்லாந்தில், லாங்கோம் நிறுவனத்தின் ட்ரெசோர் போலவே மணக்கும் மலிவான ஒன்றை விற்றவர்கள்மீது தொடரப்பட்ட வழக்கில், வாசனைக்கும் பதிப்புரிமை உண்டு என்றார்கள். ட்ரெசோரை 1990-இல் உருவாக்கியவர் சோஃபியா கிரோஸ்மன். அந்த இரண்டாவது தீர்ப்பில் வென்றது அவரல்லர், லாங்கோம். உரிமை இல்லை என்ற ஊரிலும் கலைஞருக்குக் கிடைக்கவில்லை, உண்டு என்ற ஊரிலும் கிடைக்கவில்லை.

பாட்டிலின் வடிவத்துக்குப் பாதுகாப்பு உண்டு, பெயருக்கு உண்டு, அட்டைப்பெட்டியின் நிறத்துக்குக்கூட வாதாடலாம். உள்ளே இருக்கும் திரவத்துக்குத்தான் ஆதரவில்லை. கலவையைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் ஒரு சொட்டுப் போட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது பெருமளவு தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் நாங்கள் "கூல் வாட்டர் டைப்", "அவென்டஸ் டைப்" (அவென்டஸ் கிரீட் நிறுவனத்தின் சென்ட்) என்று டின்னில் எழுதி விற்கிறோம். நானும் விற்கிறேன். பூர்தோனுக்கு நானும் கடன்பட்டவன், அவருக்கு ஒரு ரூபாய் போனதில்லை. இதையும் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்வது முறையாகாது.

மறுபக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால், வடசென்னையிலேயே இயங்கிய ஓர் ஊதுபத்திக் கம்பெனிக்குச் சந்தன வாசனை ஒன்று செய்து கொடுத்தேன். பதினெட்டு சாம்பிள் கொடுத்தும் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பதாவது கலவையில், இரண்டு கிராம் போட வேண்டிய மரிக்கொழுந்து எண்ணெயை என் உதவியாளர் இருபது கிராம் ஊற்றிவிட்டார். மரிக்கொழுந்து எண்ணெய் என்ன விலை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்; கீழே கொட்ட மனம் வரவில்லை. குச்சியில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, மறுநாள் காலையில் கொளுத்திப் பார்த்தோம். சந்தனத்துக்கு அடியில், வெயிலில் வாடிய மரிக்கொழுந்தும் கொஞ்சம் பழுத்த பழமும் எழுந்து வந்தன. முதலாளி அதைத்தான் எடுத்தார்.

ஆறு மாதம் கழித்து இராயபுரத்தில் ஒரு பெட்டிக்கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். முன்பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரின் படம், அதற்குக் கீழே "1934 முதல்". பின்பக்கத்தில், மலைக்கோயில் ஒன்றில் சித்தர் ஒருவர் தாத்தாவுக்கு உபதேசித்த சூத்திரம் என்று எழுதியிருந்தது. அந்தக் குடும்பம் அதற்கு முன் சைக்கிள் உதிரிபாகம் விற்றது எனக்குத் தெரியும். பணத்தில் ஒரு பைசா பாக்கி வைக்காத மனிதர், அதனால் கோபமாகக்கூடக் கேட்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டேன். "அண்ணே, உங்க பேரைப் போட்டா யாரு வாங்குவா? சித்தர் பேரைப் போட்டா சாமி ரூம்ல வைப்பாங்க," என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. ஆனால் அந்த இருபது கிராமை ஊற்றிய பையனின் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது, சித்தர் முகம் இல்லை. 4711-இன் துறவியைப் பற்றிப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது, இரண்டு பேரும் ஒரே மடத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பார்களோ என்று தோன்றியது.

பெயர் இல்லாதவர்களின் வரிசை கலைஞரோடு முடிவதில்லை. வாசனை என்றால் பிரான்சின் கிராஸ் என்று சொல்வார்கள். 2018-இல் அந்த ஊரின் வாசனைத் தொழில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது, அது தகுதியான சிறப்புதான். ஆனால் இன்று உலகச் சந்தைக்குப் போகும் மல்லிகைச் சாற்றில் பெரும் பகுதி எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போகிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல், மதுரைப் பக்கத்து மல்லியும் பிச்சியும். சந்தையில் விலை சரிந்த அன்று பூ சென்ட் தொழிற்சாலைக்குப் போகும். ஒரு கிலோ சாறு எடுக்க எழுநூறு கிலோவுக்குக் குறையாமல் பூ வேண்டும். விடியுமுன் நெற்றி விளக்கோடு பறித்த பூ. இப்போது சில நிறுவனங்கள் "இந்திய சம்பாக் மல்லிகை" என்று குறிப்பிடத் தொடங்கியிருக்கின்றன. விளம்பரப் படத்தில் மட்டும் இன்னும் கிராஸ் வயல்தான் வருகிறது.

நிலைமை சிறிது மாறியும் இருக்கிறது. 2000-இல் ஃப்ரெடெரிக் மால் என்பவர் (உங்கள் மாலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை) நூலுக்கு ஆசிரியர் பெயர் போடுவதுபோலப் பாட்டிலிலேயே வாசனைக் கலைஞரின் பெயரை அச்சடித்து விற்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கங்களிலாவது பெயரைப் போடுகின்றன. ஷனேலில் 2015 முதல் ஒலிவியே போல்ஜ், எர்மேஸில் 2016 முதல் கிறிஸ்டீன் நாகெல், டியோரில் 2021 முதல் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் என்று, சொந்தக் கலைஞரை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவர்களைப் பெருமையோடு முன்னால் நிறுத்துகின்றன. பெயரைச் சொன்னால் விற்பனை குறையும் என்ற முதலாளியின் கணக்கு அங்கே பொய்த்துப்போயிருக்கிறது.

ஆகவே தம்பி, மனப்பாடம் செய்த கதையைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை, சொல்லுங்கள். "நிறுவனம் இப்படிச் சொல்கிறது" என்ற மூன்று சொற்களை முன்னால் சேர்த்துக்கொண்டால் பொய் உங்களுடையதாகாது. பழைய ஆண்டு ஒன்றைக் கண்டால், அந்த ஆண்டில் அந்தக் குடும்பம் என்ன விற்றது என்று தேடிப் பாருங்கள்: துணியா, கையுறையா, வாசனையா. அந்த வாடிக்கையாளர் மறுபடி வந்தால், செய்தவர் பெயர் தெரிந்த பாட்டிலை முதலில் எடுத்து வையுங்கள். நம்பர் 5-லிருந்தே தொடங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: அதைச் செய்தவர் பெயரின் பின்பகுதி பிரெஞ்சில் "போ" என்றுதான் ஒலிக்கும், எழுத்தைப் பார்த்து "பியாக்ஸ்" என்று வாசித்துவிடாதீர்கள். வெறும் "போ" என்று சொன்னால் வந்தவரை விரட்டுவதுபோல இருக்கும். எர்னஸ்ட் போ என்று சேர்த்தே சொல்லுங்கள்.